ஒரு தரம் செல்லும் சொல்

என் அக்காவுக்கு 72 வயது. மாயவரத்தில், எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறாள். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகும் பால் கணக்கு, மளிகைக் கணக்கு, கோயில் கட்டளைக் கணக்கு எல்லாம் ஒரு பைசா பிசகாமல் அவள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். அப்படிப்பட்டவளுடைய சேமிப்பிலிருந்து சென்ற ஆண்டு ஒரு காலை வேளையில் 46,000 ரூபாய் போய்விட்டது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. கையெழுத்தைப் போலி செய்யவில்லை. அவளே ஆறு இலக்கங்களைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். அவ்வளவுதான்.

பேசியவன் மிகவும் மரியாதையாகப் பேசினானாம். "அம்மா, உங்கள் கார்டு இன்று சாயங்காலத்தோடு முடங்கிவிடும், புதுப்பித்துத் தருகிறேன்" என்றானாம். கார்டிலுள்ள எண்களைக் கேட்டான், சொன்னாள். "இப்போது உங்கள் செல்லுக்கு ஓர் எண் வரும். அதைப் படியுங்கள்" என்றான். சொன்னபடியே வந்தது, படித்தாள். இரண்டு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்றாம் நாள் எனக்குப் போன் செய்தாள். நான் என்ன சொல்லித் தேற்றுவது என்று தடுமாறிக்கொண்டிருக்கையில் அவளே ஒரு கேள்வி கேட்டாள்:

"ஏண்டா, அந்த எண் ஒரு தரம்தான் செல்லும் என்கிறார்களே, அப்புறம் அவன் எப்படி எடுத்தான்?"

"அந்த ஒரு தரத்தைத்தான் அவன் எடுத்துக்கொண்டான், அக்கா" என்றேன்.

"சரி. அதிலேயே 'யாரிடமும் சொல்லாதே' என்றும் போட்டிருந்தது. நானும் பார்த்தேன். ஆனால் அனுப்பினவனே கேட்கிறான், அவனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்று நினைத்தேன். அதில் என்ன தப்பு?"

இதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நாவல் எழுதுகிறவனுக்குப் பாத்திரங்களின் தப்பும் சரியும்தான் தொழில் என்றாலும், இந்தக் கேள்வி கொஞ்சம் ஆழமானதாகப் பட்டது. பதில் தேடிப் புறப்பட்டவன் ரோமாபுரி வரைக்கும் போய்த் திரும்பும்படி ஆயிற்று. அந்தப் பிரயாணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் பாலிபியஸ் என்று ஒரு கிரேக்கர் இருந்தார். ரோமானியர்கள் அவரைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். போன இடத்தில் அவர் தம்மைப் பிடித்தவர்களுடைய சரித்திரத்தையே எழுத ஆரம்பித்துவிட்டார். அதன் ஆறாவது புத்தகத்தில் ரோமானியப் படை பாசறை இறங்கும் முறையை விஸ்தாரமாக வர்ணிக்கிறார். அதில் அன்றன்றைய இரவுக்குரிய அடையாளச் சொல்லைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது.

தினமும் சூரியன் மறையும் நேரத்தில், பாசறையின் கடைக்கோடியில் இருக்கும் அணிகளிலிருந்து ஒவ்வொரு வீரன் தளபதியின் கூடாரத்துக்கு வருவான். அவன் கையில் ஒரு சிறிய மரப் பலகை கொடுப்பார்கள். அன்றைய சொல் அதில் எழுதியிருக்கும். அவன் தன் இடத்துக்குத் திரும்பி, சாட்சிகள் முன்னிலையில் அடுத்த அணியின் தலைவனிடம் அதைக் கொடுப்பான். அவன் அடுத்தவனிடம் கொடுப்பான். இப்படிக் கைமாறிக் கைமாறி, இருட்டுவதற்குள் பலகைகள் தளபதியின் கூடாரத்துக்கே திரும்பி வந்து சேர வேண்டும். எல்லாம் வந்துவிட்டால் சொல் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்று குறைந்தாலும், திரும்பி வந்தவற்றின் மேல் உள்ள குறியைப் பார்த்து, எந்தப் பக்கத்துப் பலகை வரவில்லை என்று உடனே கண்டுபிடித்து விசாரிப்பார்கள். எவனிடத்தில் நின்றதோ அவனுக்குத் தண்டனை.

இந்த ஏற்பாட்டில் இரண்டு புத்திசாலித்தனங்கள் இருக்கின்றன. ஒன்று, இன்றைய சொல் நாளைக்குச் செல்லாது. வேலிக்கு வெளியே பதுங்கியிருந்து ஒருவன் கேட்டுவிட்டாலும், அவனுக்கு ஓர் இரவுதான் லாபம். இரண்டாவது, போன பலகை திரும்பி வந்தாக வேண்டும். கொடுத்தவன் கொடுத்ததோடு நிம்மதியாகத் தூங்கப் போவதில்லை. இந்த இரண்டாவது விஷயத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு தேவைப்படும்.

*

இனி இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஒரே தாவாகத் தாண்டி, 1961ஆம் ஆண்டுக்கு, அமெரிக்காவில் மாசசூஸெட்ஸ் மாகாணத்திலுள்ள எம்.ஐ.டி. கலாசாலைக்கு வருகிறோம். அந்த நாளில் ஒரு கம்ப்யூட்டர் என்றால் ஒரு பெரிய அறை. விலையோ சொல்லி முடியாது. ஒரே யந்திரத்தைப் பல பேர், ஒவ்வொருவரும் தமக்கே சொந்தம் போல, ஒரே சமயத்தில் உபயோகிக்க ஒரு வழி செய்தார் பெர்னாண்டோ கார்பட்டோ என்பவர். பலரும் பழகும் சத்திரத்தில் அவரவர் பெட்டிக்கு ஒரு பூட்டு வேண்டாமா? ஆளுக்கு ஒரு ரகசியச் சொல் வைத்தார்கள். பாஸ்வேர்டு என்று நாம் இன்று தினமும் முணுமுணுக்கும் சமாசாரம் கம்ப்யூட்டருக்குள் நுழைந்த கதை இதுதான்.

ஆனால் ரோமானியச் சேவகனுக்குத் தெரிந்த ஒன்று இங்கே விட்டுப்போயிற்று. பாசறையில் சொல் தினம் மாறியது, எம்.ஐ.டி.யில் சொல் மாறவில்லை. ஒரு முறை வைத்தால் வைத்ததுதான். அதன் பலன் தெரிய வெகு நாள் ஆகவில்லை. 1962ல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நாலு மணி நேரம் யந்திரம் ஒதுக்கியிருந்தார்கள். அது போதவில்லை. எல்லோருடைய ரகசியச் சொல்லும் ஒரே ஏட்டில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை இரவு ஒரு துளை அட்டையில், "இந்த ஏட்டை அச்சடித்துக் கொடு" என்று யந்திரத்துக்கே விண்ணப்பம் போட்டார். சனிக்கிழமை காலையில் அச்சடித்த தாள் தயாராக இருந்தது. பல வருஷம் கழித்து அவரே இதைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

இன்னொரு கூத்தைக் கார்பட்டோவே 1990ஆம் ஆண்டுக்கான டூரிங் பரிசு பெற்றபோது செய்த உரையில் சொல்லியிருக்கிறார். யந்திரத்துக்குள் நுழைகிறவர்களுக்கு அன்றைய அறிவிப்பு ஒன்று காட்டுவது வழக்கம். இரண்டு நிர்வாகிகள் ஒரே சமயத்தில் வேலை செய்தபோது இரண்டு ஏடுகள் இடம் மாறிவிட்டன. அன்று உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலாக, எல்லோருடைய ரகசியச் சொல்லும் வரிசையாகத் தெரிந்தது! பாஸ்வேர்டுகள் ஒரு மாதிரியான கெட்ட கனவாகிவிட்டன என்று, முதுமையில், 2014ல் அவரே குறைபட்டுக்கொண்டார்.

ஏட்டில் சொல்லை அப்படியே எழுதி வைப்பதுதானே தொல்லை? 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில், ரோஜர் நீதாம் என்பவர் ஒரு யுக்தி கண்டார். அக்காவுக்கு இதை நான் இப்படித்தான் விளக்கினேன்: அரிசியை மாவாக்கலாம், மாவை மறுபடி அரிசியாக்க முடியாது. ரகசியச் சொல்லைக் கணித முறையில் 'அரைத்து', மாவை மட்டும் ஏட்டில் வைத்துக்கொள்வது. நீங்கள் வந்து சொல்லைச் சொன்னால், அதை அங்கேயே அரைத்துப் பார்ப்பார்கள். ஏட்டிலுள்ள மாவும் இந்த மாவும் ஒன்றாக இருந்தால் நீங்கள்தான். ஏடு திருடு போனாலும் திருடனுக்குக் கிடைப்பது மாவுதான்.

ஆனால் மனிதர்கள் எப்போதும் ஒரே ரக அரிசியைத்தான் கொண்டுவந்தார்கள். 1979ல் ராபர்ட் மாரிஸ், கென் தாம்ஸன் என்ற இருவர், 3,289 பாஸ்வேர்டுகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். அவற்றில் நூற்றுக்கு 86 மிகச் சுருக்கமானவை அல்லது அகராதியிலும் பெயர்ப் பட்டியலிலும் அகப்படுகிறவை. திருடன் அகராதி முழுவதையும் தானே அரைத்து, மாவோடு மாவை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

*

1981ல் லெஸ்லி லாம்போர்ட் என்ற கணித அறிஞர் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரை எழுதினார். ஒருவன் சொல்லும் சொல்லை வழியில் இன்னொருவன் ஒட்டுக்கேட்டால் என்ன செய்வது என்பது அவருடைய கவலை. ரோமானியரின் கவலையேதான்.

அவருடைய உபாயத்தையும் மாவு பாஷையிலேயே சொல்கிறேன். உங்களிடம் ஒரு பிடி ரகசிய அரிசி இருக்கிறது. அதை ஆயிரம் முறை அரைத்து, அந்த மாவை முதலிலேயே வாசல்காரனிடம் கொடுத்துவிடுகிறீர்கள். முதல் நாள் உள்ளே போகும்போது, 999 முறை அரைத்த மாவைக் காட்டுகிறீர்கள். அவன் அதை இன்னும் ஒரு முறை அரைத்துப் பார்க்கிறான். ஆயிரமாவது மாவோடு ஒத்துப் போகிறது. சரி என்று விட்டுவிட்டு, இனிமேல் இந்த 999ஐ வைத்துக்கொள்கிறான். மறுநாள் நீங்கள் 998ஐக் கொண்டுவர வேண்டும். நேற்று வழியில் பார்த்துக்கொண்டிருந்த திருடனிடம் 999 இருக்கிறது. அதிலிருந்து 998க்குப் பின்னோக்கிப் போக அவனால் முடியாது. மாவை அரிசியாக்க முடியாதல்லவா? ஒவ்வொரு சொல்லும் ஒரு தரம்தான். வாசல்காரனிடமும் ரகசியம் ஏதும் இல்லை. அவன் ஏட்டைத் திருடினாலும் பயனில்லை.

இதை ஆதாரமாகக் கொண்டு 1990களில் பெல்கோர் என்ற அமெரிக்க ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் ஒரு முறையை அமைத்தார்கள். அதில் ஒவ்வொரு தடவைக்குமான சொல், ஆறு சின்னஞ்சிறு ஆங்கில வார்த்தைகள். 2,048 வார்த்தை கொண்ட ஒரு சிறு அகராதியிலிருந்து பொறுக்கியவை. வெளியூர் போகிறவர்கள் ஒரு தாளில் அச்சடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வரலாம். ரோமானியனின் மரப் பலகை காகிதமாக மாறி வந்தது போல.

ஜெர்மனியில் வங்கிகளும் இதே மாதிரி எண் பட்டியல்களைத் தபாலில் அனுப்பிவந்தன. ஒரு பணப் பட்டுவாடாவுக்கு ஓர் எண். ஐரோப்பாவில் புது விதி வந்து 2019 செப்டம்பரோடு அந்தக் காகிதப் பட்டியல்களுக்கு முடிவு கட்டியது. அதற்குள் திருடர்கள் ஒரு சுலபமான வழியைக் கண்டுபிடித்திருந்தார்கள். வங்கியின் பக்கம் போலவே ஒரு போலிப் பக்கத்தைக் காட்டி, "சோதனைக்காக உங்கள் பட்டியலிலிருந்து உபயோகிக்காத எண்கள் சிலவற்றை நிரப்புங்கள்" என்று கேட்டார்கள். ஜனங்கள் நிரப்பினார்கள். என் அக்கா தனி ஆள் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

*

காகிதத்துக்குப் பதிலாக ஒரு சின்ன யந்திரத்தையே கையில் கொடுத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் 1980களிலேயே வந்துவிட்டது. சாவிக்கொத்தில் தொங்கும் அந்த வில்லையில் நிமிஷத்துக்கு ஒரு தரம் எண் மாறும். பிற்பாடு இந்தக் கணக்கை எல்லோருக்கும் பொதுவாக்கி, இன்டர்நெட்டுக்கு விதிமுறை வகுப்பவர்கள் 2005ல் ஒன்றும் 2011ல் ஒன்றுமாக இரண்டு பத்திரங்கள் வெளியிட்டார்கள். இன்று செல்போனில் முப்பது வினாடிக்கு ஒரு முறை மாறும் ஆறு இலக்கங்களைக் காட்டும் செயலிகள், இந்த இரண்டாவது பத்திரத்தின்படியே நடக்கின்றன.

அது எப்படி நடக்கிறது? போனுக்கும் வங்கிக்கும் நடுவே அந்தச் சமயத்தில் பேச்சுவார்த்தை எதுவும் கிடையாது. ஒரே பஞ்சாங்கத்தின் இரண்டு பிரதிகள் இருவரிடமும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் ஒருவர், தில்லியில் ஒருவர். இருவரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தைத் திறந்தால் ஒரே திதிதானே இருக்கும்? முதல் நாள் இருவரும் ஒரு ரகசிய எண்ணைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பிறகு 1970 ஜனவரி முதல் தேதியிலிருந்து இதுவரை எத்தனை முப்பது வினாடிகள் கழிந்தன என்று அவரவர் எண்ணிக்கொள்கிறார்கள். ரகசியத்தையும் அந்த எண்ணிக்கையையும் சேர்த்து அரைத்து, வந்த மாவிலிருந்து ஒரு துண்டைக் கத்தரித்து, அதன் கடைசி ஆறு இலக்கங்களை எடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே விடை.

ஆறு இலக்கம் என்றால் பத்து லட்சம் சாத்தியங்கள். கம்ப்யூட்டருக்குப் பத்து லட்சம் என்பது ஒரு கணக்கே அல்ல. ஆகையால்தான் சில தடவை தப்பாகப் போட்டால் கதவை மூடிவிடுகிறார்கள். எண் சிறியது, அதைக் காப்பாற்றுவது குறுகிய நேரமும், குறைந்த வாய்ப்புகளும்.

அக்காவுக்கு வந்த எண் இந்த வகை அல்ல. அது இன்னும் எளியது. வங்கியின் யந்திரம் ஏதோ ஓர் எண்ணைக் குலுக்கல் சீட்டு மாதிரி எடுக்கிறது. தன் ஏட்டில் சில நிமிஷத்துக்குக் குறித்து வைத்துக்கொள்கிறது. உங்கள் செல்லுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புகிறது. நீங்கள் அதைத் திருப்பிச் சொன்னால் அழித்துவிடுகிறது. இங்கே சோதிக்கப்படுவது ஒன்றே ஒன்றுதான்: இந்தச் செல்போன் இப்போது யார் கையில் இருக்கிறது?

எஸ்.எம்.எஸ். இதற்காகப் பிறந்ததல்ல. 1992 டிசம்பர் 3ஆம் தேதி இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற வாலிபர் அனுப்பிய முதல் செய்தி ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து. வாழ்த்து அட்டைக்கு யாராவது பூட்டுப் போடுவார்களா? அந்த அட்டையின் முதுகில் பிற்பாடு உலகத்து வங்கிகளெல்லாம் பணப்பெட்டியை ஏற்றின. நம் நாட்டில் ரிசர்வ் வங்கி 2009 பிப்ரவரியில் ஓர் உத்தரவு போட்டது. கார்டை நேரில் காட்டாமல் இன்டர்நெட் வழியாகப் பணம் கட்டும்போது, கார்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்கள் மட்டும் போதாது. கார்டில் தெரியாத இன்னொரு அத்தாட்சியும் வேண்டும். 2009 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து அமல். நல்ல உத்தரவு. கார்டு தொலைந்தால் பணமும் தொலையும் என்ற நிலைமை இதனால் மாறியது. அந்த இன்னொரு அத்தாட்சியாகப் பிற்பாடு வீட்டுக்கு வீடு பழகிப்போனதுதான் ஓ.டி.பி.

பழுதுகளும் தெரிய வந்தன. தொலைபேசிக் கம்பெனிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பழைய முறை, எல்லாக் கம்பெனியும் யோக்கியமானது என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. அந்தப் பொத்தல் வழியாக ஜெர்மனியில் சிலருக்கு வந்த எண்களைத் திருடர்கள் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு கணக்கைக் காலி செய்தார்கள் என்று 2017ல் அங்குள்ள ஒரு கம்பெனியே ஒப்புக்கொண்டது. உங்கள் பெயரைச் சொல்லிக் கடையில் மாற்று சிம் வாங்கிவிடுவது இன்னொரு வழி. சாவிக்கொத்து வில்லைகளைச் செய்துவந்த ஆர்.எஸ்.ஏ. நிறுவனமே 2011ல் கொள்ளை போயிற்று. அங்கே திருடன் நுழைந்த கதவு, ஊழியர் ஒருவர் குப்பைக் கடிதங்களிலிருந்து எடுத்துத் திறந்த ஒரு மின்னஞ்சல்.

*

இதெல்லாம் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம், எண்ணும் வேண்டாம் என்று புறப்பட்டது ஒரு புது வழி. பெயரே மாயாஜாலம்: 'மேஜிக் லிங்க்'. அதன் தகப்பன் நம் எல்லோருக்கும் பழக்கமானவர்தான். "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?" என்று கேட்டு, மின்னஞ்சலில் ஓர் இணைப்பு அனுப்புகிறார்களே, அதுவேதான். மறந்தவனை அந்த இணைப்பே உள்ளே விடுமானால், மறக்காதவனையும் அதன் வழியே விட்டுவிடலாமே! 2015ல் மீடியம் என்ற எழுத்தாளர் தளம் பாஸ்வேர்டே இல்லாமல் இப்படித் தன் வாசகர்களை உள்ளே அழைக்க ஆரம்பித்தது. பிறகு பலரும் பின்பற்றினார்கள்.

இணைப்பின் வாலில் ஒரு நீண்ட, தாறுமாறான எழுத்துக் கோவை இருக்கும். பெரும்பாலும் அதன் சாத்தியங்களை எண்ணினால் 39 இலக்க எண் வரும். யுகம் யுகமாக உட்கார்ந்து ஊகித்தாலும் அகப்படாது. தளத்தார் அதன் மாவை மட்டும் ஏட்டில் வைத்து, கால் மணி போல ஒரு கெடு எழுதி வைப்பார்கள். நீங்கள் தொட்டதும் ஒப்பிட்டுப் பார்த்து, அழித்துவிட்டு, உள்ளே விடுவார்கள். ஒரு வேடிக்கையும் உண்டு. சில ஆபீசுகளில் மின்னஞ்சலைச் சோதிக்கும் யந்திரம், விஷமம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க இணைப்பைத் தானே முதலில் தொட்டுவிடும். அந்த ஒரு தரம் அதோடு சரி! பிறகு உரியவர் தொட்டால், "காலாவதி" என்று வரும். அதனால்தான் பல தளங்களில், உள்ளே போனதும் ஒரு பொத்தானையும் அழுத்தச் சொல்கிறார்கள்.

எண்ணைவிட இணைப்புக்கு ஒரு மேன்மை உண்டு. அது நேரே உண்மையான வாசலுக்கே கொண்டுபோகும்; போலிப் பக்கத்தில் தட்டச்சு செய்யச் சொல்வதில்லை. நீளமாக இருப்பதால், "அம்மா, கொஞ்சம் படியுங்கள்" என்று போனில் கேட்கவும் வழியில்லை. ஆனால் சில தளங்கள், இணைப்பைத் தொட்டவனை விட்டுவிட்டு, உள்ளே விடும்படி முதலில் கேட்டவனை உள்ளே விடுகின்றன. அப்போது திருடன் தன் வீட்டில் இருந்துகொண்டு கேட்டு, "ஒரு மின்னஞ்சல் வரும், தொட்டுவிடுங்கள்" என்று சொன்னால் போதும். அதோடு, உங்கள் மின்னஞ்சல் பெட்டி எவன் கையில் இருக்கிறதோ அவனே நீங்கள்.

*

இவ்வளவு தூரம் வந்த பிறகுதான் அக்காவின் இரண்டாவது கேள்விக்கு எனக்குப் பதில் புலப்பட்டது. "அனுப்பினவனே கேட்கிறான், அவனிடம் சொன்னதில் என்ன தப்பு?"

கார்பட்டோவின் சத்திரத்திலிருந்து இந்த ஓ.டி.பி. வரைக்கும் பார்த்தால், வாசலில் நிற்கிறவன் யார் என்று வீட்டுக்காரனுக்கு நிரூபிப்பதற்கே எல்லா சாமர்த்தியமும் செலவாகியிருக்கிறது. வாசல் யாருடையது என்று வந்தவனுக்கு நிரூபிக்க அந்த எண்ணில் ஒன்றுமில்லை. அக்கா தன்னை வங்கிக்கு நிரூபித்தாள். வங்கி என்று சொல்லிக்கொண்டவன் அவளுக்கு எதை நிரூபித்தான்? எண் வரும் என்றான், வந்தது. அதுவே அவளுக்குச் சாட்சியாகப் போயிற்று. ரோமானியத் தளபதி போன பலகை திரும்பி வருகிறதா என்று பார்த்தான். கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் சாட்சி வைத்தான். இங்கே சாட்சியும் இல்லை. எண் யார் வழியாகத் திரும்பி வருகிறது என்ற விசாரணையும் இல்லை. திரும்பி வந்தால் சரி.

நான் இதைச் சொன்னபோது அக்கா சிறிது நேரம் பேசவில்லை. வருஷந்தோறும் சுந்தர காண்டம் பாராயணம் செய்கிறவள் அவள். பிறகு தானாகவே ஆரம்பித்தாள்:

"ராவணன் சந்நியாசி வேஷத்தில் வந்தபோது சீதை அத்தாட்சி ஒன்றும் கேட்கவில்லை. அதிதி என்று ஆசனம் போட்டாள். தான் யார், எவர் பெண் என்று எல்லாவற்றையும் சொன்னாள். பதில் சொல்லாவிட்டால் சபித்துவிடுவாரோ என்று பயம் வேறு. அப்புறம் அசோக வனத்தில் அனுமார் வந்தபோது, நீயும் ராவணன்தானோ என்று சந்தேகப்பட்டாளே! ராமனுடைய அங்க அடையாளமெல்லாம் சொல்லச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அவர் கணையாழியைக் கொடுத்தார்."

"அவளும் சும்மா அனுப்பவில்லையே, அக்கா. சூடாமணியைக் கொடுத்தாள், ராமனுக்கு மட்டுமே தெரிந்த காக்கை கதையையும் சொல்லி அனுப்பினாள்."

"ஆமாம். ரெண்டு பக்கமும் அத்தாட்சி. நான் முதல் தடவை சீதை மாதிரி இருந்துவிட்டேன்" என்றாள்.

*

அறிஞர்களும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். பாஸ்கீ என்று ஒரு முறை 2022லிருந்து பரவி வருகிறது. ஆப்பிள், கூகிள், மைக்ரோசாப்ட் மூவரும் சேர்ந்து அதை ஆதரித்தார்கள். அதில் ரகசியம் தளத்தாரிடம் போவதே இல்லை. தளத்தார் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் கேள்வி அனுப்ப, போன் அதற்கு உள்ளேயே ஒரு கையெழுத்துப் போட்டுத் தருகிறது. எந்தத் தளத்துக்காகச் செய்த சாவியோ அந்தத் தளத்தின் பெயருக்கே அது திரும்பும். போலிப் பக்கத்தின் பெயர் ஓர் எழுத்து வேறானாலும் திரும்பாது. வாசல் உண்மையா என்று நமக்காகப் போனே கேட்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தொலைபேசியில் வாசித்துக் காட்ட அதில் ஒன்றுமே இல்லை. நாமே ஆசைப்பட்டாலும் சொல்ல முடியாத ரகசியம் அது. இவ்வளவும் இருந்தும், "இந்தக் கணக்குக்கு நீங்களே பணம் அனுப்புங்கள்" என்று பயமுறுத்திக் கேட்கிறவனை அதுவும் தடுக்காது.

அக்காவின் பணம் திரும்பவில்லை. ரிசர்வ் வங்கி 2017ல் வெளியிட்ட விதியின்படி, ரகசிய எண்ணைத் தானே சொல்லிவிட்ட வாடிக்கைக்காரர், வங்கிக்குத் தகவல் கொடுக்கும் வரையில் ஏற்பட்ட நஷ்டத்தைத் தாமே ஏற்க வேண்டும் என்று பதில் வந்தது. பலகை நின்ற இடத்தில் தண்டனை. விதியில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளை நினைத்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிட்டுப் புகார் சொல்லியிருந்தால், பணம் கை மாறிக் கை மாறி மறைவதற்குள் ஒரு பகுதியையாவது நிறுத்தியிருக்கக் கூடும். அவள் கூப்பிடாததற்குக் காரணம் அறியாமை அல்ல; வெட்கம். கணக்கு டீச்சர் ஏமாந்தாள் என்று ஊர் சொல்லுமே என்ற வெட்கம். அந்த வெட்கத்தில் திருடனுக்கு இரண்டு நாள் அவகாசம் கிடைத்தது. இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் ஓர் அக்காவோ அப்பாவோ இருப்பார்கள். அவர்களிடம், "எண்ணை யாரிடமும் சொல்லாதே" என்று எச்சரிப்பதோடு நிறுத்தாமல், "சொல்லிவிட்டால் அந்த நிமிஷமே என்னிடம் சொல்லு, நான் கோபிக்க மாட்டேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லி வையுங்கள்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். மறுபடி ஒருவன் வங்கியிலிருந்து பேசுவதாகக் கூப்பிட்டானாம்.

"நீ என்ன சொன்னாய்?" என்றேன்.

"என் கணக்கில் கடைசியாக எந்தத் தேதியில் எவ்வளவு போட்டேன், சொல்லு என்றேன். வைத்துவிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வங்கிக்கே நேரில் போய், கூப்பிட்டது நீங்கள்தானா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், தேதி போட்டு."